உங்கள் தெருவில் உணவு வீணாவதைக் குறைக்க: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு வீட்டில் தினமும் 200 கிராம் சோறு மிஞ்சிக் குப்பைக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மூன்று கரண்டிதான். அதை யாரும் பெரிய வீணடிப்பாக நினைக்க மாட்டார்கள். ஆனால் ஆண்டு முழுக்கச் சேர்த்தால் அது 73 கிலோ சோறு. ஒரு கிலோ அரிசி வெந்தால் ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று கிலோ சோறாகும். அப்படிக் கணக்குப் போட்டால், அந்த வீடு ஆண்டுக்கு 25 கிலோ அரிசி மூட்டை ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி, வேகவைத்து, வெளியே கொட்டுகிறது. ஒரு கிலோ அரிசி விளைய உலகச் சராசரியாக 2500 லிட்டர் தண்ணீர் போகிறது என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ல் உலகம் முழுக்க 105 கோடி டன் உணவு வீணானது. அதில் 63 கோடி டன் வீடுகளிலிருந்து வந்தது. ஹோட்டல்கள், கல்யாண மண்டபங்கள், கடைகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் வீடுகளின் பங்கே அதிகம். இந்திய வீடுகளில் ஒருவருக்கு ஆண்டுக்கு 55 கிலோ என்று அந்த அறிக்கை மதிப்பிடுகிறது. தோல், எலும்பு போன்ற சாப்பிட முடியாத பகுதிகளும் இதில் அடங்கும். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு இது நாளொன்றுக்குச் சுமார் 600 கிராம்.

இதைக் குறைக்க ஒரு தெருவிலோ, அடுக்குமாடிக் குடியிருப்பிலோ, மகளிர் குழுவிலோ நீங்கள் முயற்சி எடுக்க நினைத்தால், இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான். தொடங்கும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உணவு வீணாவது குப்பைக் கூடை பக்கத்தில் முடிவாகும் விஷயமில்லை. காலையில் அரிசி அளக்கும்போதும், சந்தையில் இரண்டாவது கட்டுக் கீரையைப் பையில் போடும்போதுமே அது முடிவாகிவிடுகிறது. அதனால் மேடை போட்டு, மைக் வைத்து, "உணவை வீணாக்காதீர்" என்று பேசிப் பயனில்லை. அது எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும். அளக்கும் இடத்துக்கும் வாங்கும் இடத்துக்கும் போய்ப் பேச வேண்டும்.

யாரைக் கூப்பிடுவது

பத்துப் பதினைந்து வீடுகள் போதும். முழு வார்டையும் முதலிலேயே எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பகுதியில் சுய உதவிக் குழு ஏற்கெனவே இருந்தால் அதில் தொடங்குவது நல்லது. அவர்கள் வாராவாரம் கூடுகிறார்கள், ஒருவருக்கொருவர் பழக்கம் இருக்கிறது, கணக்கு எழுதும் வழக்கமும் இருக்கிறது.

எப்போதும் சமைப்பவரை மட்டுமே கூப்பிடுகிறோம். அது போதாது. பல வீடுகளில் சமைப்பது மருமகள், அளவு சொல்வது மாமியார், காய்கறி வாங்கி வருவது மாமனார் அல்லது கணவர். ராத்திரி வீட்டில் சாப்பிடுவதா ஆன்லைனில் ஆர்டர் போடுவதா என்று கடைசி நிமிடத்தில் முடிவெடுப்பது பிள்ளைகள். இதில் ஒருவருக்கு மட்டும் வகுப்பு எடுத்தால், அவர் வீட்டுக்குப் போய் மற்ற மூவரோடு போராட வேண்டியிருக்கும். எனவே ஒரு வீட்டுக்கு இரண்டு பேராவது வரச் சொல்லுங்கள். ஆண்கள் வர வேண்டும் என்பதில் உறுதியாக இருங்கள்.

நேரம் முக்கியம். வீட்டில் இருப்பவர்களுக்கு மதியம் மூன்று மணி வசதி. வேலைக்குப் போகிறவர்கள் அதிகம் இருந்தால் ஞாயிறு காலை பதினொரு மணி. கூட்டம் ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

கூப்பிடும்போது பசியால் வாடும் குழந்தைகள், விவசாயியின் கண்ணீர் என்று ஆரம்பிக்காதீர்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் குற்ற உணர்வு வந்துவிட்டால் ஆட்கள் குப்பையைக் குறைக்க மாட்டார்கள், மறைப்பார்கள். "அக்கா, நம்ம தெருவுல என்னென்ன சாப்பாடு மிஞ்சிப் போகுதுன்னு ஒரு வாரம் எழுதிப் பார்க்கலாமா? யார் வீடுன்னு பேர் போட வேணாம்" என்று கேட்டால் போதும். மளிகைச் செலவு குறையும் என்பதைச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் வருவதற்கு அதுதான் காரணமாக இருக்கும், அதில் தவறே இல்லை.

இன்னொருவரையும் கட்டாயம் கூப்பிட வேண்டும்: உங்கள் தெருவில் குப்பை வாங்கும் தூய்மைப் பணியாளர். எந்தக் கிழமை ஈரக் குப்பை கனமாக இருக்கும், பண்டிகைக்கு மறுநாள் வாளியில் என்ன வரும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். முதல் கூட்டத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, அவரைப் பேசச் சொல்லுங்கள். எந்த வீடு என்று மட்டும் யாரும் அவரிடம் கேட்கக் கூடாது. அவர் வேலைக்குச் சங்கடம் வரும்.

ஒரு வாரம் எழுதிப் பார்ப்பது

இதைத் தவிர்த்துவிட்டு நேரே குறிப்புகள் சொல்லத் தொடங்க ஆசை வரும். தவிர்க்காதீர்கள். "எங்க வீட்டுல எதுவும் வீணாகாது" என்று எல்லோருமே மனதார நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையைப் பேச்சால் மாற்ற முடியாது. ஏழு நாள் சொந்தக் கையால் எழுதிப் பார்த்தால் மாறும்.

ஒவ்வொரு வீட்டுக்கும் கோடு போட்ட ஒரு தாள் கொடுங்கள். மூன்று கட்டங்கள்: என்ன, எவ்வளவு, ஏன். சமையலறைத் தராசு உள்ளவர்கள் கிராமில் எழுதட்டும். இல்லாதவர்கள் கரண்டி, டம்ளர், கைப்பிடி என்று எழுதினாலும் போதும். ஒரே கரண்டியை வாரம் முழுக்கப் பயன்படுத்தினால் சரி.

"ஏன்" என்ற கட்டம்தான் மிக முக்கியம். அதிகமாகச் சமைத்தது, தட்டில் மிஞ்சியது, வைத்திருந்து கெட்டது, யாருக்கும் பிடிக்கவில்லை, வருவதாகச் சொன்னவர் வரவில்லை. இவற்றில் ஒன்றாகவே பெரும்பாலும் இருக்கும். காரணம் தெரியாமல் தீர்வு சொல்ல முடியாது. அதிகமாக வடித்ததால் மிஞ்சிய சோறும், பிள்ளை வெளியே சாப்பிட்டுவிட்டு வந்ததால் மிஞ்சிய சோறும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். ஆனால் முதலாவதுக்கு மருந்து அளவு, இரண்டாவதுக்கு ஒரு ஃபோன்.

எதைக் கணக்கில் சேர்ப்பது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். வாழைப்பழத் தோல், முருங்கைச் சக்கை, டீத்தூள், மீன் முள் இவை சாப்பிடும் பொருளல்ல, சேர்க்க வேண்டாம். காக்கைக்கு வைக்கும் ஒரு பிடிச் சோறும் வேண்டாம். ஆனால் சிங்க்கில் ஊற்றும் சாம்பார், ரசம், திரிந்த பால், புளித்துப் போன மாவு இவற்றை மறக்காமல் எழுதச் சொல்லுங்கள். வாளியில் விழாததால் இவை கண்ணில் படுவதேயில்லை. நாய்க்கும் மாட்டுக்கும் வைப்பதைத் தனியாக எழுதலாம். மாட்டுக்கு வைத்தால் வீணில்லை என்று பலர் நினைக்கிறார்கள். சோறு அதிகமாகத் தின்றால் மாட்டின் வயிற்றில் அமிலம் கூடி அதன் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதைப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

எழுதும் வாரத்தில் வீண் தானாகவே கொஞ்சம் குறையும், எழுதும்போது சிலது விட்டும் போகும். எனவே கிடைக்கும் கணக்கு உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும். பரவாயில்லை. எந்தப் பொருள் முதலிடம் என்று தெரிந்தால் போதும்.

முதல் கூட்டத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான்

தாள்களைப் பெயரில்லாமல் வாங்கி, கலந்து, ஒரு பெரிய அட்டையில் பொருள்வாரியாகக் கூட்டிப் போடுங்கள். தமிழ் வீடுகளில் சோறு, குழம்பு வகை, இட்லி மாவு, கீரை, கொத்தமல்லி, பழம் இவை மேலே வர வாய்ப்பு அதிகம். உங்கள் தெருவில் வேறாக இருக்கலாம், பிரெட்டும் பாலும் முன்னால் வரலாம். எது வந்தாலும் முதல் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஒரு மாதம் அந்த இரண்டைப் பற்றி மட்டுமே பேச்சு. இருபது குறிப்பு அச்சடித்த நோட்டீஸ் கொடுத்தால் அது ஒரு வாரத்தில் மிக்சிக்கு அடியில் விரிப்பாகிவிடும்.

எந்த வீடு அதிகம், எந்த வீடு குறைவு என்று ஒப்பிடவே கூடாது. பரிசுப் போட்டியும் வேண்டாம். பரிசு வைத்தால் தாளில் எழுதுவது குறையும், குப்பை குறையாது.

அரிசி அளவு

பெரும்பாலான தெருக்களில் இதுவே முதல் பாடமாக இருக்கும், எனவே விரிவாகவே சொல்கிறேன்.

நம் வீடுகளில் அரிசி அளவு ஒரு பழைய நாளில் முடிவானது. ஐந்து பேர் இருந்தபோது மூன்று டம்ளர் போட்டார்கள். மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள், மகன் வெளியூரில் வேலை பார்க்கிறான், அப்பாவுக்குச் சர்க்கரை என்று ராத்திரி சப்பாத்திக்கு மாறிவிட்டார். டம்ளர் மட்டும் மூன்றாகவே நிற்கிறது. கை பழகிவிட்டது. கூட்டத்தில் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: "இந்த அளவு உங்க வீட்டுல எந்த வருஷம் ஆரம்பிச்சது? அப்போ எத்தனை பேர் இருந்தீங்க?" அடுத்த நாளே பல வீடுகளில் அளவு மாறும்.

பிறகு செய்துகாட்டுங்கள். ஒரு ஆழாக்கு 168 மில்லி, அதில் சுமார் 140 கிராம் அரிசி பிடிக்கும். அதை வடித்தால் ஏறக்குறைய 400 கிராம் சோறு வரும். சாதாரணமாக வேலை செய்யும் பெரியவர் ஒருவருக்கு ஒரு வேளைக்கு 75 முதல் 100 கிராம் அரிசி போதும். உடலுழைப்பு அதிகம் உள்ளவருக்குக் கூடுதலாக வேண்டும், சிறுபிள்ளைக்கு அதில் பாதிகூட ஆகாது. கூட்டத்திலேயே சோறு வடித்து, ஒரு ஆழாக்கின் சோற்றைத் தட்டுகளில் பிரித்து வைத்துக் காட்டினால் மனதில் நிற்கும். வந்தவர்களுக்கு ரசம் ஊற்றி அதையே சாப்பிடக் கொடுத்துவிடுங்கள்.

ஒவ்வொரு வீட்டிலும் அரிசி டப்பாவுக்குள் கிடக்கும் டம்ளர் வெவ்வேறு அளவு. எனவே ஒருவர் வீட்டு அளவை இன்னொருவருக்குச் சொல்லாதீர்கள். அவரவர் டம்ளரைக் கொண்டுவரச் சொல்லி, தராசில் நிறுத்து, டம்ளரின் வெளிப்பக்கத்தில் கிராமை எழுதிவிடுங்கள். செலவில்லாத வேலை இது. நான் பார்த்த வரை இதைவிடப் பலன் தருவது வேறு எதுவும் இல்லை.

"ஒரு பிடி கூடப் போடு, யாராவது வந்தா?" என்ற பேச்சு கட்டாயம் எழும். அந்த எண்ணத்தில் அன்பு இருக்கிறது, அதை மறுக்க வேண்டாம். பதிலாக வேறு வழி காட்டுங்கள். ரவை, சேமியா, அவல் இவற்றில் ஒன்று எப்போதும் வீட்டில் இருந்தால், திடீரென வந்தவருக்குப் பதினைந்து நிமிடத்தில் சூடாகக் கொடுக்கலாம். வராத விருந்தாளிக்காகத் தினமும் வடிக்கத் தேவையில்லை.

கூடவே, ராத்திரி யார் யார் சாப்பிடுகிறார்கள் என்று சாயங்காலம் நான்கு மணிக்குள் வீட்டு வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடும் பழக்கத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள். காலேஜ் போகும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இது மிகவும் தேவை.

மாவு, கீரை, காய்

இட்லி மாவில் பிரச்சினை அளவைவிடப் புளிப்புதான். நம் வெயிலில் எட்டு மணி நேரத்தில் பொங்கிவிடும், அப்புறம் ஒவ்வொரு முறை வெளியே எடுத்து வைக்கும்போதும் இன்னும் புளிக்கும். அரைத்ததும் இரண்டு மூன்று சிறு பாத்திரங்களாகப் பிரித்து, முதல் நாளைக்கு வேண்டியதை மட்டும் வெளியே புளிக்க விட்டு, மற்றதை உடனே ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம். வேண்டியபோது ஒவ்வொன்றாக எடுத்துப் புளிக்கவிடலாம். லேசாகப் புளிப்பேறிய மாவில் வெங்காயம், பச்சைமிளகாய் போட்டு ஊத்தப்பமோ குழிப்பணியாரமோ செய்வது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் கூட்டத்தில் ஒருவர் சொன்னால் மற்றவர்கள் செய்வார்கள்.

கீரையும் கொத்தமல்லியும் ஈரத்தால் அழுகுகின்றன. வாங்கி வந்ததும் கழுவாதீர்கள். அழுகிய இலைகளை எடுத்துவிட்டு, உலர்ந்த துணியிலோ காகிதத்திலோ சுற்றி டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். சமைக்கும்போது கழுவினால் போதும். பச்சைமிளகாயின் காம்பைக் கிள்ளிவிட்டு வைத்தால் கூடுதல் நாள் தாங்கும். கறிவேப்பிலை மிஞ்சினால் நிழலில் உலர்த்திப் பொடியாக்கலாம். பழுத்த வாழைப்பழத்தை மற்ற காய்களோடு ஒரே கூடையில் வைக்காதீர்கள். பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு பக்கத்தில் இருப்பதையும் சீக்கிரம் பழுக்கவைத்து அழுகவைக்கும். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் தனித்தனியே, காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும்.

வாங்கி வருபவருக்கு ஒரே ஒரு வழக்கம் சொல்லித்தாருங்கள்: கிளம்பும் முன் ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு ஃபோட்டோ எடுத்துக்கொண்டு போவது. உழவர் சந்தையில் கத்தரிக்காய் மலிவாகக் கிடைக்கும்போது, வீட்டில் அரைக் கிலோ இருப்பது அந்தப் படத்தில் தெரியும். "மூன்று கட்டு முப்பது ரூபாய்" என்றால், பக்கத்து வீட்டோடு பேசி ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்ளலாம்.

ஃப்ரிட்ஜில் கண் பார்வைக்கு நேராக உள்ள தட்டை, முதலில் முடிக்க வேண்டிய பொருளுக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். மிச்சக் குழம்பு, பாதி வெட்டிய பூசணி, தேங்காய் மூடி எல்லாம் அங்கேதான். பின்னால் தள்ளிவைத்தவை அடுத்த வாரம் பூசணத்தோடுதான் வெளியே வரும். மூடிமேல் சிறு காகிதம் ஒட்டித் தேதி எழுதுவது நல்ல பழக்கம்.

கெட்டதைச் சாப்பிடச் சொல்வது அல்ல இந்த வேலை

இதை ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லுங்கள். வீணாகக் கூடாது என்று கெட்டுப்போனதைச் சாப்பிட்டு யாராவது வாந்தி எடுத்தால், உங்கள் முயற்சியும் அன்றோடு முடிந்துவிடும்.

5 டிகிரி செல்சியசுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும் என்பது பொது விதி. வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும் நாட்களில் அது ஒரு மணி நேரம். சித்திரை வெயிலில் நம் சமையலறைகள் எல்லாமே இந்தக் கணக்கில் வரும். பெரிய குண்டானை அப்படியே வைக்காமல், அகலமான சின்னப் பாத்திரங்களில் பரப்பி ஆறவைத்து உள்ளே வைக்க வேண்டும்.

சோற்றுக்குத் தனிக் கவனம் தேவை. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகவைத்தாலும் சாகாது. சோறு வெளியே கிடந்தால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. அதனால் "கொதிக்கவெச்சா சரியாயிடும்" என்பது சோற்றுக்குப் பொருந்தாது. உடனே ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்த சோற்றை மறுநாளுக்குள், ஒரே ஒரு முறை மட்டும் நன்றாகச் சூடாக்கிச் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். இரவில் தண்ணீர் ஊற்றிப் பழையதாக்கும் வழக்கத்தில் சோறு புளித்து லாக்டிக் அமிலம் உண்டாகிறது. அதற்கும் சுத்தமான பாத்திரம், நல்ல தண்ணீர், அன்று மாலையில் வடித்த சோறு வேண்டும். மதியம் முழுக்கத் திறந்து கிடந்த சோற்றில் ராத்திரி தண்ணீர் ஊற்றுவது பழையசோறு ஆகாது.

பூசணம் பிடித்த நிலக்கடலை, தானியம், பிரெட் எதையும் வெட்டி எடுத்துவிட்டுப் பயன்படுத்த வேண்டாம். கடலையில் வரும் பூசணம் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும், அது கல்லீரலைப் பாதிக்கும். கரெண்ட் போனால் ஃப்ரிட்ஜைத் திறக்காமல் இருந்தால் ஏறக்குறைய நான்கு மணி நேரம் குளிர் தாங்கும்.

பாக்கெட்டுகளில் உள்ள தேதியையும் ஒரு கூட்டத்தில் விளக்குங்கள், ஆளுக்கொரு பாக்கெட் கொண்டுவரச் சொல்லி. காலாவதித் தேதி தாண்டினால் சாப்பிடக் கூடாது. "இந்தத் தேதிக்குள் பயன்படுத்துவது சிறந்தது" என்ற வகைத் தேதி தரத்தைப் பற்றியது. அது தாண்டினால் மணமோ மொறுமொறுப்போ குறையலாம், முறையாக வைத்திருந்த பொருள் அன்றே கெட்டுவிடாது. இரண்டையும் ஒன்றாக நினைத்து நல்ல பொருளைத் தூக்கிப் போடுபவர்கள் பலர்.

மிச்சம் யார் தட்டில் விழுகிறது

இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, நீங்கள் பேச வேண்டும். "எங்க வீட்டுல எதுவும் வீணாகாது" என்று சொல்லும் பல வீடுகளில், மிஞ்சியதை எல்லாம் கடைசியில் உட்காரும் பெண்தான் சாப்பிடுகிறார். நேற்றைய குழம்பு அவருக்கு, இன்றைய குழம்பு மற்றவர்களுக்கு. பிள்ளை தட்டில் வைத்த மீதியும் அவருக்குத்தான். தாளில் சுழியம் என்று வரும். ஆனால் அதன் விலையை ஒருவர் உடம்பு கொடுக்கிறது.

நம் கூட்டங்கள் இந்தப் பழக்கத்தை இன்னும் இறுக்கிவிடும் ஆபத்து உண்டு. வீணாக்கக் கூடாது என்று நாம் சொல்வது, "அப்போ நீயே சாப்பிட்டு முடி" என்று வீட்டில் மாறிவிடலாம். அதனால் வெளிப்படையாகச் சொல்லுங்கள்: மிச்சம் இருந்தால் அது மறுநாள் எல்லோருக்கும் பரிமாறப்பட வேண்டும், இல்லையென்றால் அடுத்த நாள் அளவு குறைய வேண்டும். எழுதும் தாளில் "மிச்சத்தைச் சாப்பிட்டது யார்" என்று ஒரு கட்டத்தையும் சேர்த்துவிட்டால், நீங்கள் விளக்க வேண்டியதே இருக்காது. அந்தத் தாளை வீட்டு ஆண்கள் பார்க்கும்படி செய்யுங்கள்.

வீட்டு வேலைக்கு வருபவருக்கு மிச்சத்தைக் கொடுப்பதும் இப்படித்தான். நாம் சாப்பிடத் தயங்கும் ஒன்றை அவருக்குக் கொடுப்பது உதவியாகாது. அன்றே, சூடாக இருக்கும்போது, "வேணுமாக்கா?" என்று கேட்டுக் கொடுக்கலாம். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு இடம் இருக்க வேண்டும்.

பகிர்வதும் உரமாக்கலும்

தெருவுக்குள் பகிரும் பழக்கத்தைச் சமைக்காத பொருளில் தொடங்குங்கள். பாதிக் கட்டுப் புதினா, தோட்டத்தில் ஒரே நேரத்தில் காய்த்த முருங்கை, ஊரிலிருந்து வந்த தேங்காய், தனியாகத் தின்ன முடியாத பலாப்பழம். வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டால் பத்து நிமிடத்தில் போய்விடும். சமைத்த உணவில் சாதி, சைவம், அசைவம், விரதம் என்று பல தயக்கங்கள் உள்ளே இருக்கும். நம் ஊரின் உண்மை அது. யாரையும் கட்டாயப்படுத்தாமல் காய்கறியில் கை பழகட்டும். பழகப் பழகக் கிண்ணங்களும் வாசல் தாண்டும்.

விசேஷ வீட்டில் பெருமளவு மிஞ்சினால் அது வேறு கணக்கு. கோவையில் 2014-ல் தொடங்கிய நோ ஃபுட் வேஸ்ட் போன்ற அமைப்புகள் மிஞ்சும் உணவைச் சேகரித்துப் பசித்தவர்களுக்குக் கொடுக்கின்றன. உங்கள் ஊரில் அப்படி யார் இருக்கிறார்கள் என்று விசாரித்து, அவர்களுடைய எண்ணைத் தெருக் குழுவில் போட்டுவையுங்கள். பந்தி முடிந்ததும் அழைக்காமல், சமையல் தொடங்கும்போதே தகவல் சொல்வது நல்லது.

உரமாக்குவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலிலேயே கம்போஸ்ட் பற்றிப் பேசினால், "அதான் உரமாகுதே" என்ற நிம்மதியில் சோறு குறையாமலே போகும். எவ்வளவு நல்ல உரமும் அந்த 25 கிலோ அரிசியைத் திருப்பித் தராது. தோலும் சக்கையும் மட்டுமே உரத்துக்குப் போக வேண்டும். ஓட்டை போட்ட மண்பானையிலோ வாளியிலோ காய்ந்த இலையை அடியில் பரப்பி, ஈரக் கழிவு ஒரு பங்கு என்றால் காய்ந்தது இரண்டு பங்கு என்று மாற்றி மாற்றிப் போட்டு, வாரம் இரண்டு முறை கிளறிவிட்டால் இரண்டு மாதத்தில் உரமாகும். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம், காய்ந்த இலையோ தேங்காய் நாரோ சேர்க்கவும். இடமில்லாதவர்கள் பிரித்துக் கொடுத்தால் போதும். மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் நுண் உரமாக்கும் மையங்கள் இருக்கின்றன. ஒரு சனிக்கிழமை குழுவோடு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள்.

மறுபடி எடைபோட்டுப் பார்ப்பது

ஆறு அல்லது எட்டு வாரம் கழித்து அதே தாள், அதே கரண்டி, அதே டம்ளர். இடையில் பொங்கல், தீபாவளி வரும் வாரத்தைத் தவிர்த்துச் சாதாரண வாரமாகப் பாருங்கள். கால்வாசி குறைந்திருந்தால் மிக நல்ல பலன். பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தாலும் சோர்வு வேண்டாம். மேற்கு லண்டனில் ஆறு உள்ளாட்சிப் பகுதிகள் சேர்ந்து 2012-13-ல் நடத்திய பிரச்சாரத்தில், ஆறு மாதத்தில் வீட்டு உணவு வீணாதல் சுமார் 15 சதவீதம் குறைந்தது. விளம்பரம், சமையல் வகுப்புகள், பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் என்று பணம் செலவழித்துச் செய்த வேலை அது.

பிரிட்டன் முழுக்க நடந்ததிலிருந்தும் கற்றுக்கொள்ளலாம். அங்கே ராப் என்ற அமைப்பு 2007-ல் தொடங்கிய பிரச்சாரத்துக்குப் பிறகு, 2012-க்குள் வீடுகளில் தவிர்க்கக்கூடிய உணவு வீண் 21 சதவீதம் குறைந்தது. அந்த ஆண்டுகளில் விலைவாசி ஏறியதும் அதற்கு ஒரு காரணம். விலை ஏற்றம் தணிந்த பிறகு, 2015 வரை மேற்கொண்டு குறையவில்லை. பழக்கம் தானாக நிலைக்காது, திரும்பத் திரும்ப நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

எனவே ஆண்டுக்கு இரண்டு வாரங்களைக் குறித்துவையுங்கள். ஒன்று மாம்பழம் குவியும் கோடையில், இன்னொன்று மழைக்காலத்தில். வீணாகும் பொருளும் காரணமும் இரண்டு பருவத்திலும் வேறு. உணவு இழப்பு, வீணாதல் பற்றிய ஐ.நா. விழிப்புணர்வு நாளான செப்டம்பர் 29-ஐ ஒட்டிப் பள்ளியில் ஒரு நிகழ்ச்சி கேட்டுப் பார்க்கலாம், தலைமையாசிரியர்கள் எளிதில் சம்மதிப்பார்கள். முதல் குழுவில் நன்றாக எழுதிய இரண்டு வீட்டாரை அடுத்த தெருவின் முதல் கூட்டத்துக்கு அழைத்துப் போங்கள். தங்கள் பழைய தாளையும் கிராம் எழுதிய டம்ளரையும் அவர்களே எடுத்துக் காட்டட்டும். நீங்கள் பின்வரிசையில் உட்கார்ந்து டீ ஊற்றிக் கொடுங்கள்.